தலைகீழ் ஒய், நாலு புள்ளி: படத்தைப் பார்த்துப் பூச்சிக்குப் பேர் வைப்பது பற்றி

வேப்பந்தட்டை, ஆலத்தூர், குன்னம், செந்துறை என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் மக்காச்சோளம் போடுகிறவர்களிடம் ஒரே பதில் வரும். "தலையில தலைகீழா ஒய் மாதிரி வெள்ளைக் கோடு, வால்பக்கம் சதுரமா நாலு புள்ளி. அது இருந்தா படைப்புழு." பூச்சியியல் பாடத்திலிருந்து ஒரு வரி இவ்வளவு வேகமாக ஊர் முழுக்கப் பரவியது வேறு எப்போதும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. துண்டறிக்கை, வாட்ஸ்அப் படம், மருந்துக்கடைச் சுவரொட்டி, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கையேடு எல்லாவற்றிலும் இதே வரிதான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றிய விமர்சனம். அதிலிருந்து கிளைத்து, போனில் ஒரு படம் எடுத்து "இது என்ன பூச்சி?" என்று கேட்கும் பழக்கத்தைப் பற்றியும், அதற்கு டக்கென்று பதில் சொல்லும் செயலிகளைப் பற்றியும் பேசப் போகிறேன். நான் பூச்சியியல் படித்தவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் படத்தைப் பார்த்துப் பேர் சொல்கிற வேலை இன்று பாதி என் துறைக்கு வந்துவிட்டது. அதனால் கேள்வி கேட்கிற பொறுப்பும் எங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம்

ஸ்போடாப்டெரா ஃப்ருஜிபெர்டா என்பது அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 1797இலேயே ஜார்ஜியா மாகாணத்துப் பூச்சிகளைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தில் இதற்குப் பேர் வைத்தாகிவிட்டது. அதற்கப்புறம் இருநூறு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பக்கமே இருந்தது. 2016 தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் மக்காச்சோள வயல்களில் கிடைத்தது. அந்த வருஷம் முடிவதற்குள் தமிழ்நாட்டு மானாவாரி மக்காச்சோளத்தைப் புரட்டிப் போட்டது. பெரம்பலூரும் அரியலூரும் அதில் பலமாக அடி வாங்கின. பெரம்பலூர் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும்தான் பிரதானம் என்பதால், குருத்துக்குள் ஒரு புழு இறங்கினால் அது மாவட்டத்தின் மொத்த வரவு செலவையும் தொடும். பிறகு அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குப் போனது.

அப்படி ஒரு நேரத்தில், புதிதாக வந்த ஒரு புழுவை நாலே மாதத்தில் லட்சக்கணக்கான பேருக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு "தலைகீழ் ஒய், நாலு புள்ளி" என்ற வரி பிரமாதமான கண்டுபிடிப்பு. பூதக்கண்ணாடி வேண்டாம், லத்தீன் வேண்டாம், குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். வளர்ந்த புழு, நல்ல வெளிச்சம், மக்காச்சோளக் குருத்து என்ற மூன்றும் அமைந்தால் இந்த வரி பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். இதை ஒத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

சரி, பிரச்னை எங்கே?

முதல் பிரச்னை அந்த ஒய். புழுவின் தலை ஓடு தைத்த மாதிரி மூன்று தகடுகளாக இருக்கும். தோலுரிக்கும்போது அந்தத் தையல் வழியாகத்தான் பிளக்கும். அந்தத் தையலின் வடிவமே தலைகீழ் ஒய்தான். அதாவது ஒய் என்பது படைப்புழுவின் சொத்து கிடையாது, அந்துப்பூச்சிப் புழுக்கள் எல்லாவற்றின் தலையிலும் அது உண்டு. படைப்புழுவில் என்ன விசேஷம் என்றால், கருத்த தலையில் அந்தக் கோடு வெளுப்பாக, பளிச்சென்று தெரியும். ஆக, நாம் பார்க்க வேண்டியது "இருக்கிறதா" என்று இல்லை, "எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது" என்று. துண்டறிக்கையில் இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது. ஒருத்தர் புகையிலை வெட்டுப்புழுவின் தலையை நன்றாகப் பெரிதாக்கிப் படம் எடுத்தால் அதிலும் மங்கலாக ஒரு ஒய் தெரியும். போன் கேமரா நன்றாக ஆக ஆக இந்தக் குழப்பம் கூடத்தான் செய்யும்.

நாலு புள்ளி ஒய்யைவிட நம்பகமானது. கடைசிக்கு முந்தின கண்டத்தில் நாலு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும், மற்ற கண்டங்களில் சரிவகமாக இருக்கும். ஆனால் இதுவும் வளர்ந்த புழுவில்தான் தெளிவு. முட்டையிலிருந்து வந்த புதிதில் எல்லாப் புழுவும் கருந்தலையும் வெளிர்ப் பச்சை உடம்புமாக ஒரே மாதிரிதான் இருக்கும். ஆறு பருவத்தில் மூன்றாவது பருவம் வந்த பிறகுதான் அடையாளம் துலங்க ஆரம்பிக்கும். மருந்து நன்றாக வேலை செய்வதோ சின்னப் புழுவின் மேல்தான். குருத்துக்குள் இறங்கி, எச்சத்தை மரத்தூள் மாதிரி மேலே அடைத்துக்கொண்ட பிறகு அதன் மேல் எதுவும் சரியாகப் படாது. அடையாளம் தெரிகிற நேரமும் அது உபயோகப்படுகிற நேரமும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. இதுதான் அந்த வரியின் மிகப் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

அந்த இளம் பருவத்தில் புழுவைவிட இலைதான் நன்றாகப் பேசும். இலையின் பச்சையை மட்டும் சுரண்டி, காகிதம் மாதிரி வெள்ளைத் திட்டுகள் விட்டிருந்தால் இளம் படைப்புழுக் கூட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். விரிந்த இலையில் குண்டூசியால் குத்திய மாதிரி ஒரே வரிசையில் துளைகள் இருந்தால் தண்டுத்துளைப்பான் பக்கம் யோசிக்க வேண்டும். ஒழுங்கில்லாமல் கிழிந்த பெரிய ஓட்டைகள், குருத்தில் ஈரமான மரத்தூள் மாதிரி எச்சம் இருந்தால் வளர்ந்த படைப்புழு. ஆப்பிரிக்காவுக்காக பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தின் குழுவும் உணவு வேளாண் அமைப்பும் 2018இல் கொண்டுவந்த "நூரு" செயலி இலைச் சேதத்தைப் பார்க்கத்தான் பழக்கப்பட்டது. புத்திசாலித்தனமான தேர்வு. புழு ஒளிந்துகொள்ளும், இலை ஒளியாது.

புழு போய் அந்து வந்தால்

நிஜமான தலைவலி இறக்கை முளைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. படைப்புழுவின் ஆண் அந்து ஓரளவு சுலபம். சாம்பலும் பழுப்புமான முன்னிறக்கையின் நுனிப் பக்கம் ஒரு வெள்ளை முக்கோணம், நடுவில் சாய்வாக ஒரு வெளிர்த் திட்டு. புத்தகத்தில் எப்போதும் இந்த ஆண்தான் வரும். பெண்ணுக்கு இது எதுவும் தெளிவாக இருக்காது, மங்கலான சாம்பல் பழுப்பு மட்டும். அதைப் பச்சைப் புழு என்று வெங்காயக்காரர்கள் சொல்லும் ஸ்போடாப்டெரா எக்சிகுவாவோடு பக்கத்தில் வைத்தால் படத்தில் பிரிப்பது கஷ்டம். எக்சிகுவா கொஞ்சம் சின்னது. ஆனால் படத்தில் அளவுகோல் இல்லையென்றால் சின்னது எது, பெரியது எது?

ஸ்போடாப்டெரா லிடுரா, அதாவது நம் ஆட்கள் பழைய விஞ்ஞானப் பெயரை விடாமல் "புரோடீனியா" என்று சொல்லும் பூச்சி, புதிதாக வந்தபோது அழகாக இருக்கும். முன்னிறக்கையில் வெளிர்க்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், ஆணுக்கு இறக்கை நுனியில் நீலச் சாம்பல் பூச்சு இருக்கும். நாலு நாள் பறந்து செதில் உதிர்ந்த பிறகு அதுவும் பழுப்பு, இதுவும் பழுப்பு.

நம் பகுதியின் விசேஷம் இங்கேதான். பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் மூன்றும் பக்கத்துப் பக்கத்து வயல்களில் இருக்கும். வரப்போரம் ஆமணக்கு நிற்கும். மக்காச்சோளத்தில் ஃப்ருஜிபெர்டா, பருத்தியிலும் ஆமணக்கிலும் லிடுரா, வெங்காயத்தில் எக்சிகுவா, பருத்திக் காயில் ஹெலிகோவெர்பா என்று ஒன்றுக்கொன்று உருவம் நெருங்கிய பூச்சிகளுக்கெல்லாம் ஒரே சதுரக் கிலோமீட்டரில் சாப்பாடு கிடைக்கிறது. புழுவாக இருக்கும்வரை எந்தச் செடியில் இருக்கிறது என்பதே பாதித் துப்பு. அந்தாகி ராத்திரி வாசல் விளக்குக்கு வந்து சுவரில் உட்கார்ந்துவிட்டால் அந்தத் துப்பு அழிந்துபோகிறது. அந்தச் சுவர்ப் படத்தைத்தான் நாம் எடுத்துப் போட்டு "பேர் சொல்லுங்க" என்கிறோம்.

அது உட்கார்ந்திருக்கும் விதத்தையும் கவனியுங்கள். முன்னிறக்கைகள் கூரை மாதிரி மூடியிருக்கும். முத்து வெள்ளையான பின்னிறக்கை, அதன் ஓரக் கோடு, உணர்கொம்பின் அடிப்பகுதி, வயிற்று நுனி எதுவும் படத்தில் வராது. ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரியில் தோட்டக்காரராக இருந்தபோது பூச்சி சேகரிக்க ஆரம்பித்தவர். 1892க்கும் 1896க்கும் இடையே நாலு பாகங்களாக இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதினார். இன்றும் தேடிப் படிக்கப்படுகிற புத்தகம். அவர் ஒரு பூச்சியைப் பிரிக்க ஆரம்பிப்பது இறக்கை நரம்பின் அமைப்பு, வாய்க்கருகில் இருக்கும் உணரி, உணர்கொம்பு, கால் முள் என்று. இறக்கையின் நிறம் கடைசியில் வருகிறது. நம் படத்தில் இருப்பதோ நிறம் மட்டும்தான். அவர் முதலில் பார்த்த எல்லாமே செதிலுக்குக் கீழும் உடம்புக்கு அடியிலும் இருக்கிறது. நாம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து, அவர் முடித்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைக்கிறோம்.

படம் உண்மை, வரைபடம் பொய்யா?

இது நம் எல்லோர் மனசிலும் இருக்கும் நம்பிக்கை. கேமரா பொய் சொல்லாது என்று. ஆனால் அடையாளம் காணும் வேலையில் பழைய வரைபடங்கள் பல விதத்தில் மேல். கோயம்புத்தூரிலிருந்து வேலை பார்த்த பெயின்பிரிக் ஃப்ளெச்சர் 1914இல் சென்னை அரசு அச்சகம் வழியாகத் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் பல பக்கங்களில் முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து, அது கடித்த இலை எல்லாம் ஒரே படத்தில் சேர்ந்து வரும். வரைந்தவர் பல பூச்சிகளைப் பார்த்து, எது பொதுவானது, எது அந்த ஒரு பூச்சிக்கு மட்டும் நேர்ந்தது என்று பிரித்து வரைகிறார். புகைப்படம் ஒரே ஒரு பூச்சியின், ஒரே ஒரு நொடியின், ஒரே ஒரு கோணம். அதில் உதிர்ந்த செதிலும் இருக்கும், மஞ்சள் பல்பின் நிறமும் இருக்கும். உண்மைதான், ஆனால் அந்தப் பூச்சியைப் பற்றிய உண்மை. இனத்தைப் பற்றியது இல்லை.

இன்றைய துண்டறிக்கைகள் ஃப்ளெச்சரிடமிருந்து பின்வாங்கிவிட்டன. பெரிய புழு ஒன்று, ஆண் அந்து ஒன்று, முடிந்தது. பக்கத்தில் அதே மாதிரி இருக்கும் மற்ற பூச்சியின் படம் இருக்காது. "இது படைப்புழு" என்று காட்டுகிறார்கள், "இது படைப்புழு இல்லை" என்று எதையும் காட்டுவதில்லை. அடையாளம் என்பது ஒப்பீடு. ஒன்றை மட்டும் காட்டினால் அது அறிமுகம், அவ்வளவுதான்.

பேரிலேயே ஒரு பழைய குழப்பம்

ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவை நம் ஊரில் "அமெரிக்கன் காய்ப்புழு" என்று சொல்கிறோம். அது அமெரிக்கப் பூச்சியே இல்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானது. அமெரிக்காவில் இருந்தது அதன் அச்சு அசல் சாயலில் இருக்கும் ஹெலிகோவெர்பா ஸீயா. ரொம்ப காலம் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வழங்கியது. 1965இல் கனடாவைச் சேர்ந்த ஹார்ட்விக் இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்துப் பார்த்து இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, ஹெலிகோவெர்பா என்ற பேரினத்தையே உருவாக்கினார். நம் மருந்து டப்பாக்களில் இன்னும் "அமெரிக்கன்" இருக்கிறது. இப்போது நிஜமாகவே அமெரிக்காவிலிருந்து வந்த படைப்புழுவுக்கும் "அமெரிக்கன் படைப்புழு" என்று பேர். ஒன்று தப்பான அமெரிக்கன், ஒன்று சரியான அமெரிக்கன். கடைக்காரரிடம் "அமெரிக்கன் புழுவுக்கு மருந்து குடுங்க" என்றால் அவர் எதைக் கொடுப்பார்?

இதன் மறுபக்கம் பிரேசிலில் நடந்தது. அங்கே எப்போதும் இருந்தது ஸீயா. ஒரு கட்டத்தில் சோயாவிலும் பருத்தியிலும் சேதம் எக்கச்சக்கமாக ஏற, உள்ளே பார்த்தபோது வந்திருந்தது நம் ஆர்மிஜெரா. அதிகாரபூர்வமாக அறிவித்தது 2013இல். அதற்கு முன்பே அது உள்ளே வந்து பரவியிருந்தது, பார்த்தவர்கள் பழகிய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018இல் இரண்டும் அங்கே கலந்து கலப்பினம் உண்டாகியிருப்பதையும் மரபணு ஆய்வு காட்டியது. வெளித் தோற்றத்தை வைத்து இதில் எதையும் பிடித்திருக்க முடியாது.

செயலி என்ன செய்கிறது?

இப்போது என் துறைக்கு வருகிறேன். படத்தைப் பார்த்துப் பேர் சொல்லும் நிரல் தனக்குத் தெரிந்த பெயர்ப் பட்டியலுக்குள் எது அதிகம் ஒத்துப்போகிறது என்று கணக்குப் போடுகிறது. பட்டியலில் இல்லாத பூச்சி வந்தாலும் பட்டியலிலிருந்துதான் பேர் வரும், நாமாக ஒரு தடுப்பு வைக்காவிட்டால். கூடவே ஒரு சதவீதமும் வரும். அந்தச் சதவீதத்தைப் படிப்பவர் "இது சரியாக இருக்கும் வாய்ப்பு" என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அது "என் பட்டியலில் மற்றதைவிட இது எவ்வளவு முன்னால்" என்பது மட்டும்தான்.

இதோடு இடக் கணிப்பும் சேரும். இந்த இடத்தில், இந்த மாதத்தில் எந்தப் பூச்சி வழக்கமாகப் பதிவாகிறது என்று பார்த்து அதற்கு முன்னுரிமை தருவது. சாதாரண நாளில் இது அருமையான உத்தி. ஆனால் 2018 மே மாதத்துச் சிவமொக்காவை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் ஃப்ருஜிபெர்டா பதிவே இல்லை. லிடுராவோ ஆயிரக்கணக்கில். இடக் கணிப்பை நம்பும் எந்த நிரலும் முதல் படைப்புழுவின் படத்துக்கு "லிடுரா" என்றுதான் சொல்லும். சந்தேகப்பட்டு, வளர்த்து, அந்தாக்கி, உறுப்பைப் பிரித்து, டி.என்.ஏ.வையும் பார்த்துதான் உறுதி செய்தார்கள். இன்று நிலைமை தலைகீழ். மக்காச்சோளத்தில் எதைப் படம் எடுத்தாலும் ஃப்ருஜிபெர்டாதான் முன்னால் நிற்கும். கதிர் உண்ணும் மித்திம்னாவோ, வேறு ஏதோ புதிய வரவோ அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். முக்கியமான அந்த ஒரு நாளில் கைவிடுகிற மாதிரிதான் இந்த உத்தி அமைந்திருக்கிறது.

துல்லியம் பற்றிய விளம்பரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: மக்காச்சோள வயலில் எடுத்த 100 படத்தில் 92 படைப்புழு என்று வையுங்கள். படத்தைத் திறந்தே பார்க்காமல் "படைப்புழு, படைப்புழு" என்று சொல்லும் நிரலுக்கும் 92% துல்லியம்! அந்த மீதி எட்டில் எத்தனையைப் பிடித்தது என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். ஒன்றிய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு 61 பயிர்கள், 400க்கும் மேற்பட்ட பூச்சிகள் என்று சொல்கிறது. நல்ல முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் நான் கேட்கும் எண் 400 அல்ல. ஒன்றுபோல இருக்கும் இரண்டு பூச்சிகளைக் கொடுத்தால் எத்தனை தடவை மாற்றிச் சொல்கிறது என்ற எண்தான்.

ஐநேச்சுரலிஸ்ட் இதில் ஒரு படி மேல். இனம் உறுதியில்லை என்றால் "இந்தப் பேரினமாக இருக்கும்" என்று நிறுத்திக்கொள்ளத் தெரியும். அங்கேயும் ஒரு ஓட்டை உண்டு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆட்கள் ஒரே இனத்தைச் சொன்னால் பதிவு "ஆய்வுத் தரம்" ஆகும். ஆனால் அத்தனை பேரும் பார்ப்பது அதே ஒரு படத்தை, அதே மூடிய இறக்கையை. பத்து பேர் ஒத்துக்கொண்டாலும் பின்னிறக்கை தெரியப் போவதில்லை. அப்படி உறுதியான படங்கள் மறுபடி நிரலுக்குப் பாடமாகின்றன. நிரல் சொன்னதை ஆள் ஆமோதித்து, ஆள் ஆமோதித்ததை நிரல் படித்து, வட்டம் மூடிக்கொள்கிறது.

"எந்தப் புழுவா இருந்தா என்ன? அடிக்கிற மருந்து ஒண்ணுதானே?"

நியாயமான கேள்வி, ஒதுக்கிவிட முடியாது. எமாமெக்டின் பென்சோயேட் மாதிரி ஒரு மருந்துக்கு லிடுராவா, ஃப்ருஜிபெர்டாவா என்ற பேதம் பெரிதாகக் கிடையாது. மருந்தை மட்டுமே நம்பினால் பேர் அவசியமில்லை. மருந்தைக் குறைக்க நினைக்கிற நிமிஷத்திலிருந்துதான் பேர் வேண்டும்.

என்.பி.வி. வைரஸ் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். லிடுராவுக்கு ஒன்று, ஹெலிகோவெர்பாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகிறது. ஒன்றின் வைரஸ் மற்றதைக் கொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. பேர் மாறினால் காசும் போச்சு, ஒரு வாரமும் போச்சு, "இயற்கை மருந்தெல்லாம் வேலைக்காவாது" என்ற முடிவுதான் மிஞ்சும். இனக்கவர்ச்சிப் பொறியும் அப்படித்தான். படைப்புழுவுக்கான வாசனை மாத்திரை வைத்த பொறியில் மித்திம்னா லோரேயி என்ற இன்னொரு பழுப்பு அந்து வந்து விழுவது ஆப்பிரிக்காவிலும் சீனாவிலும் பதிவாகியிருக்கிறது. பிளாஸ்டிக் பையில் துடித்துச் செதில் உதிர்ந்து கிடப்பதை எண்ணி, "இத்தனை விழுந்திருக்கு, அடிச்சிடலாம்" என்று முடிவெடுத்தால் தேவையில்லாத ஒரு தெளிப்பு கூடுகிறது.

தேவையில்லாத தெளிப்பு என்பது பெரம்பலூரில் வெறும் செலவுக் கணக்கு இல்லை. 2017இல் இதே மாவட்டத்தில் ஆள் உயரப் பருத்திக்குள் நின்று மருந்தடித்தவர்கள் உயிர் போயிருக்கிறது. ஒரு தடவை குறைத்து அடிக்க ஒரு பேர் உதவும் என்றால், அந்தப் பேரைச் சரியாகச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

பேருக்கும் ஒரு எல்லை உண்டு. ஃப்ருஜிபெர்டாவுக்குள்ளேயே மக்காச்சோள வகை, நெல் வகை என்று இரண்டு உண்டு. எந்த நிபுணராலும் கண்ணால் பிரிக்க முடியாது. இந்தியாவில் மக்காச்சோளத்தில் பிடித்தவற்றை ஒரு மரபணுவை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் நெல் வகை என்று வருகிறது, இன்னொரு மரபணுவை வைத்துப் பார்த்தால் மக்காச்சோள வகை என்று வருகிறது. டி.என்.ஏ. பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

அப்போ என்னதான் செய்வது?

படம் எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. படத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

புழு என்றால் மூன்று படம்: தலை நேராக, முதுகு முழுசாக, வால்பக்கக் கண்டங்கள் கிட்டத்தில். நாலாவதாக இலைச் சேதம். ஐந்தாவதாக எந்தச் செடி என்று தெரிகிற மாதிரி ஒன்று. பக்கத்தில் ஒரு ஒரு ரூபாய்க் காசோ ஸ்கேலோ வைத்தால் அளவுச் சண்டை தீரும். முடிந்தால் புழுவை ஒரு டப்பாவில் அதே செடியின் இலையோடு போட்டு, காற்றுக்கு ஓட்டை விட்டு, அந்தாகும்வரை வளர்த்துப் பாருங்கள். எந்தப் புழுவிலிருந்து எந்த அந்து வந்தது என்ற சங்கிலிதான் எந்தப் படத்தையும்விட உறுதியான ஆதாரம்.

அந்து என்றால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, செத்துக் கிடந்தால் இறக்கையை மெதுவாக விரித்துப் பின்னிறக்கை தெரிய ஒன்று. செத்ததைத் தூக்கிப் போடாமல் ஒரு காகிதக் கவரில் தேதி, இடம், பக்கத்துப் பயிர் எழுதி வையுங்கள். வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. சந்தேகமானதைக் கையில் எடுத்துப் போய்க் காட்ட வழி உண்டு. படத்தை அனுப்பினால் கருத்துதான் கிடைக்கும், பூச்சியைக் கொடுத்தால்தான் பதில் கிடைக்கும்.

துண்டறிக்கை போடுகிறவர்களிடம் ஒரே கோரிக்கை. அடுத்த பதிப்பில் "இது இல்லை" என்று ஒரு வரிசை சேருங்கள். லிடுரா, எக்சிகுவா, ஹெலிகோவெர்பா, மித்திம்னா நாலும் படைப்புழுவுக்குப் பக்கத்தில், ஒரே அளவில், புழுவும் அந்துமாக. இளம் புழுவுக்குப் பதில் இலைச் சேதப் படம். ஒரே ஒரு பக்கம் அதிகமாகும், அவ்வளவுதான்.

செயலி எழுதுகிறவர்களிடம், அதாவது எங்கள் ஆட்களிடம், மூன்று. ஒன்று, "தெரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். இரண்டு, "ஸ்போடாப்டெரா ஏதோ ஒன்று" என்று பாதியில் நிறுத்துவதைத் தோல்வியாகக் கணக்கில் போடாதீர்கள், பல சமயம் அந்தப் படத்திலிருந்து கிடைக்கக்கூடிய முழு உண்மையே அதுதான். மூன்று, சதவீதம் காட்டுவதற்குப் பதில் "வால்பக்கம் இன்னொரு படம் எடுங்கள்" என்று திருப்பிக் கேளுங்கள். அனுபவமுள்ள வேளாண் அலுவலர் வயலில் நின்று செய்வது அதைத்தான். பார்த்ததும் பேர் சொல்ல மாட்டார், புழுவைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பார்ப்பார்.

"தலைகீழ் ஒய், நாலு புள்ளி" என்ற வரியைத் தூக்கிப் போட வேண்டாம். அது 2018இல் தன் வேலையைச் செய்தது. அதைக் கடைசி வரியாக நினைக்காமல் முதல் வரியாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இன்னும் நாலு வரி எழுத வேண்டிய நேரம் இது. அந்த நாலு வரியை எழுதத் தேவையான படங்களும் பூச்சிகளும் வெளியே எங்கும் இல்லை. பெரம்பலூர், அரியலூர் வாசல் விளக்குகளில் ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் வந்து உட்காரத்தான் செய்கின்றன.